அடிமைத்தளை நீங்கியோர் பாடசாலைக்குப் பொருள் தேடிய வரலாறு

ஆசிரியர், மாணாக்கர், நூல் என்னும் மூன்றும் கூடிய இடமே கல்விச்சாலை என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், இம்மூன்றையும் ஒரு கூரையின்கீழ்ச் சேர்ப்பதற்குப் பொருள் வேண்டும் என்பதும், அப்பொருளை ஈந்தவர் யாவர் என்பதும் நம் நினைவிற்கு எளிதில் வருவதில்லை. கட்டிடத்தின் முகப்பிலே கல்லில் வெட்டிய பெயரொன்றைக் கண்டு, அவரே அதனைத் தந்தவரென்று எண்ணி அப்பாற் செல்கிறோம். அக்கல்லில் ஏறாத பெயர்கள் எத்தனையோ உள.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தின் முடிவில், ஏறக்குறைய நாற்பது லட்சம் கறுப்பு மக்கள் அடிமைத்தனத்தினின்றும் விடுதலை பெற்றனர். அவர்களுக்கு நிலமில்லை, கூலியாகச் சேர்த்த பொருளில்லை, பெரும்பாலோருக்கு எழுத்தறிவும் இல்லை. ஆயினும் அடுத்த எழுபது வருஷங்களுக்குள் தென்னாட்டு மாகாணங்களெங்கும் அவர்களுக்கு ஆயிரக்கணக்கான பாடசாலைகளும், பல கலாசாலைகளும் எழுந்தன. இவற்றிற்குப் பணம் வந்த வழி யாது? வட தேசத்துச் செல்வர்களும் மிஷன் சங்கங்களும் அளித்த தர்மமே காரணம் என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. அவ்விடை பொய்யன்று; ஆனால் முழு உண்மையும் அன்று. கணக்கைச் சற்று ஊன்றி நோக்குவோமாயின், முதலிற் கொடுத்தவரும், இடைவிடாது கொடுத்தவரும் அவ்வேழை மக்களேயென்பது விளங்கும். அதனை எடுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்துக்கு விலங்கு

அடிமைகளை ஆண்டவர்கள் எழுத்தின் ஆற்றலை நன்கு அறிந்திருந்தனர். தென் கரோலினாவில் 1740-ம் வருஷத்திலேயே அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்போரைத் தண்டிக்கும் சட்டம் பிறந்தது. 1830 முதல் 1832 வரை வட கரோலினா, வர்ஜீனியா, அலபாமா முதலிய மாகாணங்கள் இத்தகைய தடைகளை மேலும் கடுமையாக்கின. அனுமதிச் சீட்டை எழுதவல்ல அடிமை தப்பியோடக்கூடும். செய்தித்தாளைப் படிக்கவல்லவன் தன் நிலையை எண்ணிப் பார்க்கக்கூடும். இவ்வச்சமே அச்சட்டங்களுக்கு வித்து. ஒருவனுக்கு மறுக்கப்பட்ட பொருளின் அருமையை அவன் நன்குணர்வான் அன்றோ? விடுதலை வந்தவுடனே அம்மக்கள் நிலத்தை வேண்டியதுபோலவே எழுத்தையும் வேண்டினர். பேரன் பேத்தியரோடு ஒரே பலகையில் அமர்ந்து நரைத்த தலையினரும் அகரம் பயின்றனர். அவர்களுட் பலருக்குத் தம் வாழ்நாள் முடிவதற்குள் வேதத்தைத் தாமே வாசித்தல் வேண்டும் என்பதே பேரவாவாயிருந்தது.

யுத்தம் தொடங்கிய வருஷமே, அதாவது 1861-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், வர்ஜீனியாவில் மன்றோக் கோட்டைக்கு அருகே மேரி பீக் என்னும் அம்மையார், எஜமானரிடமிருந்து தப்பி வந்தோரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். இவர் அடிமையாகப் பிறந்தவரல்லர். யுத்தத்திற்கு முன்னரே மறைவிற் பலருக்கு எழுத்தறிவித்தவர். பெரியதோர் ஓக் மரத்தின் நிழலில் இவர் கற்பித்ததாகக் கூறுவர். அம்மரம் இன்றும் ஹாம்ப்டன் சர்வகலாசாலையின் எல்லைக்குள் கிளை பரப்பி நிற்கிறது. பகலிற் சிறுவரும் இரவிற் பெரியோரும் இவரிடம் பயின்றனர். க்ஷயரோகத்தால் வருந்தியும் கற்பித்தலை விடாத அம்மையார் 1862-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் உயிர் நீத்தார்.

இவருக்கு ஆதரவளித்தது அமெரிக்க மிஷனெரி சங்கம். இச்சங்கத்தின் தோற்றம் நம்மவர்க்கும் ஒருவாறு தொடர்புடையது. யாழ்ப்பாணத்தில் 1816-லும் மதுரையில் 1834-லும் ஊழியம் தொடங்கிய அமெரிக்கன் போர்டு என்னும் மிஷன் சபை, அடிமை வியவகாரத்தில் உறுதியான நிலை கொள்ளவில்லையென்று மனம் நொந்த கிறிஸ்தவர் பலர் 1846-ம் வருஷத்தில் ஒன்றுகூடி அமைத்த சங்கமே இது. ஆகவே, நம் நாட்டுக்குப் போதகரையும் உபாத்தியாயரையும் அனுப்பிய அதே சபைகளின் காணிக்கைப் பெட்டிகளிலிருந்து, விடுதலை பெற்றோரின் பாடசாலைகளுக்கும் பணம் சென்றது.

முதற் கொடையாளர்

1864-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஜார்ஜியாவிலுள்ள சவன்னா நகரம் வட தேசத்துச் சேனையின் வசமாயிற்று. சில நாட்களுக்குள், 1865-ம் வருஷத் தொடக்கத்தில், அந்நகரத்துக் கறுப்புப் போதகர்கள் கூடிச் சவன்னாக் கல்விச் சங்கம் ஒன்றை நிறுவினர். நேற்று வரை தம் உடலே தமக்குச் சொந்தமில்லாதிருந்த மக்கள், தமக்குள்ளே ஏறக்குறைய ஆயிரம் டாலர் சேர்த்தனர். தம் இனத்து ஆசிரியர்களையே நியமித்தனர். சுமார் ஐந்நூறு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டனர். பாடசாலைக்கு இடம் வேண்டியபோது கிடைத்த கட்டிடங்களுள் ஒன்று யாதெனின், பிரையன் என்பவரின் அடிமைச் சந்தை. மனிதரை நிறுத்தி விலை கூறிய அறைகளிலே சிறுவர் நின்று பாடம் ஒப்புவித்தனர்.

இச்சங்கத்தின் பிற்கால வரலாற்றையும் மறைத்தல் முறையன்று. பாடசாலையின் ஆட்சி தம் கையில் இருத்தல் வேண்டுமென்றும், வடக்கேயிருந்து வருவோர் துணையாசிரியராக இருந்தாற் போதுமென்றும் சவன்னா மக்கள் கருதினர். மிஷனெரி சங்கத்தின் பிரதிநிதியோ, இம்மக்களுக்கு நிர்வாகத் திறமை போதாதென்று எண்ணினார். மக்களின் கைப்பொருள் வற்ற வற்ற அவர்களுடைய அதிகாரமும் குன்றியது. ஏறக்குறைய ஒரு வருஷத்தில் அச்சங்கம் மறைய, பாடசாலைகள் மிஷன் வசமாயின. பணம் கொடுப்பவரே பாடத்தையும் ஆசிரியரையும் நிர்ணயிப்பர் என்னும் கசப்பான உண்மை, இவ்வரலாற்றின் முதல் ஏட்டிலேயே எழுதப்பட்டுவிட்டது.

சவன்னாவில் நடந்தது தனி நிகழ்ச்சியன்று. விடுதலை பெற்றோரின் நலத்தைக் கவனிக்க 1865-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அமெரிக்க சர்க்கார் ஓர் இலாகாவை ஏற்படுத்தி, ஜெனரல் ஆலிவர் ஹோவர்டு என்பவரைத் தலைவராக்கிற்று. அவ்விலாகாவின் பாடசாலைகளை மேற்பார்த்த ஜான் ஆல்வர்டு என்பவர் தென்னாடு முழுவதும் பிரயாணம் செய்தபோது, வெளியார் எவருடைய கையும் படாமல் விடுதலை பெற்றோர் தாமே நடத்திய பாடசாலைகளைப் பல இடங்களிற் கண்டார். அத்தகையன குறைந்தது ஐந்நூறு இருக்கும் என்று 1866-ம் வருஷத்தில் மதிப்பிட்டார்.

லூயிசியானாவில் நடந்த செய்தி இதனினும் வியக்கத்தக்கது. அங்கே 1864-ம் வருஷத்திற் சேனாதிபதி பாங்க்ஸ் என்பவர் கல்விக்கழகம் ஒன்றை அமைத்து, சொத்துக்களின் மீது வரி விதித்துப் பாடசாலைகளை நடத்தச் செய்தார். இரண்டு வருஷங்களுக்குள் அவ்வரி நிறுத்தப்பட்டது. பாடசாலைகள் மூடப்படும் நிலைமை நேர்ந்தது. அப்போது முப்பதடி நீளமுள்ள விண்ணப்பமொன்று அதிகாரிகளிடம் வந்து சேர்ந்தது. பதினாயிரம் கறுப்பு மக்களின் சார்பாக வந்த அவ்விண்ணப்பத்தில் பெரும்பாலும் இருந்தவை கைநாட்டுகளே. அவர்கள் வேண்டியது யாது? தம்மீதே வரி விதித்தாயினும் பாடசாலைகளைத் தொடர்ந்து நடத்த வேண்டும் என்பதே. வரியை நீக்கும்படி விண்ணப்பம் செய்த குடிகளை உலக சரித்திரத்தில் எங்கும் காணலாம். வரியை விதிக்கும்படி, அதுவும் பெயரெழுத அறியாத கைகளாற் குறியிட்டு வேண்டிய குடிகள் மிகச் சிலரே.

இலாகாவின் உதவியும் அதன் முடிவும்

மேற்கூறிய இலாகா பாடசாலைகளுக்கு உதவிய முறை அறியத்தக்கது. கட்டிடம் வாடகைக்கு எடுத்தலும் பழுது பார்த்தலும் இலாகாவின் செலவு. ஆசிரியரின் சம்பளம் பெரும்பாலும் வடக்கிலுள்ள மிஷன் சங்கங்களின் பொறுப்பு. நிலம், மரம், உடலுழைப்பு, ஆசிரியருக்கு உணவு, கூடியமட்டும் மாதச் சம்பளம் ஆகியவை ஊர் மக்களின் பங்கு. இவ்வாறு மூன்று கைகள் சேர்ந்து தூக்கியதால் 1870-ம் வருஷத்தில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடசாலைகளில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் மாணாக்கர் பயின்றனர். கல்விக்காக அக்காலத்திற் செலவான அறுபது லட்சம் டாலரில் ஏழரை லட்சம் விடுதலை பெற்றோர் தம் வறுமையிலிருந்து கொடுத்ததென்று, கறுப்பினத்துப் பேரறிஞராகிய டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் பின்னர்க் கணக்கிட்டுள்ளார். அஃதாவது எட்டில் ஒரு பங்கு. கூலி வாங்கிப் பழகாதவர் முதன்முதல் வாங்கிய கூலியிலிருந்து வந்த பங்கு அது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

பகைவர் வாளாவிருக்கவில்லை. 1866-ம் வருஷம் மே மாதத்தில் டென்னெஸீ மாகாணத்து மெம்பிஸ் நகரிலே எழுந்த கலகத்திற் கறுப்பினத்தார் நாற்பத்தாறு பேர் கொல்லப்பட்டனர். அவர்களுடைய பன்னிரண்டு பாடசாலைகளும் நான்கு கோயில்களும் தீக்கிரையாயின. 1872-ம் வருஷத்தில் சர்க்கார் இலாகாவும் எடுபட்டது. அம்மக்கள் தம் சிறு சேமிப்பை நம்பி ஒப்புவித்திருந்த விடுதலையாளர் சேமிப்பு பாங்கு 1874-ம் வருஷத்தில் முறிந்தது. ஏறக்குறைய அறுபதினாயிரம் பேருடைய சுமார் முப்பது லட்சம் டாலர் அதில் அகப்பட்டுக்கொண்டது.

ஒரு நன்மை மட்டும் நிலைத்தது. 1868-ம் வருஷத்திற் கறுப்புப் பிரதிநிதிகள் பெரும்பான்மையினராக அமர்ந்து இயற்றிய தென் கரோலினா அரசியலமைப்பு, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பாடசாலை வேண்டுமென விதித்தது. வேறு பல தென் மாகாணங்களிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஏழை வெள்ளையரின் பிள்ளைகளுக்கும் அப்பொதுப் பாடசாலைகளின் கதவு திறந்ததென்பது கருதத்தக்கது.

பாடிக் கட்டிய மாளிகை

பொருள் தேடிய வகைகளுள் மிக இனியது நாஷ்வில் நகரத்துப் பிஸ்க் கலாசாலையின் வரலாறு. மிஷனெரி சங்கத்தாரால் 1866-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் இது தொடங்கப்பட்டது. சேனையார் விட்டுச் சென்ற ஆஸ்பத்திரிக் கொட்டகைகளே இதற்குக் கட்டிடம். புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது, மாணாக்கர் நகரத்து அடிமைக் கொட்டடிகளிற் கிடந்த துருப்பிடித்த கைவிலங்குகளையும் கால்விலங்குகளையும் பொறுக்கிப் பழைய இரும்பாக விற்று, அப்பணத்தால் எழுத்துக்கூட்டும் புத்தகங்களை வாங்கினர். விலங்கு புத்தகமாக மாறிய இச்செய்தியினும் சிறந்த உருவகத்தைப் புலவரும் புனைதல் அரிது.

1871-ம் வருஷத்திற் கலாசாலை கடனில் மூழ்கியது. பொக்கிஷதாரரும் இசையாசிரியருமான ஜார்ஜ் ஒயிட் என்பவர் ஒன்பது மாணாக்கரை அழைத்துக்கொண்டு, வட தேசத்திற் பாடிப் பொருள் சேர்க்கப் புறப்பட்டார். அவர்களுட் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பின்னணி இசைத்த எல்லா ஷெப்பர்டு என்னும் இளம்பெண்ணைத் தந்தையார் 350 டாலர் கொடுத்து மீட்டிருந்தார். தாயை மீட்க இயலவில்லை. இசை கற்க விரும்பிய அப்பெண்ணுக்கு, பிறர் அறியாதபடி இரவிற் பின்வாசல் வழியாக வரவேண்டும் என்னும் நிபந்தனையோடு கற்பித்தார் ஓர் ஆசிரியர். கையில் ஆறு டாலரோடு பிஸ்க் கலாசாலையிற் சேர்ந்தவர் இவர்.

முதலில் இவர்கள் வெள்ளையர் வழக்கமாகப் பாடும் பாட்டுக்களையே பாடினர், கூட்டம் சேரவில்லை. ஹோட்டல்கள் பல இவர்களுக்கு இடம் மறுத்தன. சின்சினாட்டி நகரிற் கிடைத்த ஐம்பது டாலருக்கும் குறைந்த தொகையை, அப்போது தீவிபத்தால் அழிந்த சிக்காகோ நகரத்தாருக்கு அப்படியே அளித்துவிட்டனர். தாமே கடனுக்கு அஞ்சிப் புறப்பட்டவர்கள், தம்மினும் துன்புற்றோரைக் கண்டபோது கையிலிருந்ததைக் கொடுத்தனர். ஒஹையோ மாகாணத்துக் கொலம்பஸ் நகரில், மனம் தளர்ந்திருந்த இக்குழுவிற்கு ஒயிட் துரை யூபிலிப் பாடகர் என்று பெயரிட்டார். ஐம்பதாம் வருஷத்தில் அடிமைகள் யாவரும் விடுதலை பெறுதல் வேண்டுமென லேவியராகமத்தின் 25-ம் அதிகாரம் விதித்த யூபிலியே இப்பெயருக்கு மூலம்.

அடிமைக் காலத்தில் தம் பெற்றோர் வயலிலும் இரகசியக் கூட்டங்களிலும் பாடிய ஞானப்பாட்டுக்களை அந்நியர் முன் பாட இவர்கள் முதலிற் கூசினர். அவை பெற்றோரின் கண்ணீரோடும் ஜெபத்தோடும் கலந்தவை, வேடிக்கைக்குரியன அல்ல. ஆயினும் நவம்பர் மாதத்தில் ஓபர்லின் நகரிற் கூடிய சபையார் மாநாட்டில் அப்பாட்டுக்களைப் பாடியபோது, கேட்டோர் உள்ளம் உருகினர். அதன்பின் புரூக்ளின் நகரத்துப் பெரிய ஆலயத்தில் ஹென்றி வார்டு பீச்சர் என்னும் புகழ் பெற்ற பிரசங்கியார் இவர்களை ஆதரித்தார். 1872-ம் வருஷத்தில் இவர்கள் ஜனாதிபதி கிராண்டின் முன்னிலையிலும் பாடினர். இருபதினாயிரம் டாலரோடு நாஷ்வில் திரும்பினர். 1873-ம் வருஷத்தில் இங்கிலாந்து சென்று விக்டோரியா மகாராணியாரின் முன் பாடினர். அப்பிரயாணத்தில் ஏறக்குறைய ஐம்பதினாயிரம் டாலர் கிடைத்தது. கலாசாலைக்குப் புதிய நிலம் வாங்கப்பட்டு, அதன்மீது யூபிலி மாளிகை எழுந்து, 1876-ம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதி பிரதிஷ்டை செய்யப்பட்டது.

இவ்வெற்றிக்கு விலையும் உண்டு. இடைவிடாத பிரயாணத்தாலும் குளிராலும் பாடகர் பலர் நோயுற்றனர். பலருடைய படிப்பு நடுவிலே நின்றது. 1878-ம் வருஷத்தில் அக்குழு கலைந்தது. பிறர் படிக்கும்பொருட்டுத் தம் படிப்பை இழந்தோரின் பெயர்கள் பரீட்சையில் தேறினோர் பட்டியலில் இல்லை. அம்மாளிகையின் ஒவ்வொரு கல்லிலும் இருக்கின்றன.

ஆறு முட்டைகள்

அலபாமா மாகாணத்து டஸ்கீகிப் பாடசாலையும் ஏழையின் கொடையால் வேரூன்றியது. அவ்வூரில் முன்னாள் அடிமையாகிய லூயிஸ் ஆடம்ஸ் என்னும் கைத்தொழிலாளர், கறுப்பு மக்களிடையே செல்வாக்குள்ளவர். சட்டசபைத் தேர்தலில் அவர்களுடைய வாக்கை நாடி ஓர் அபேட்சகர் வந்தபோது, ஆடம்ஸ் தமக்கென ஒன்றும் கேட்கவில்லை. தம் மக்களுக்கு ஒரு பாடசாலை கேட்டார். அதன் பயனாக ஆசிரியர் சம்பளத்திற்கென வருஷத்திற்கு இரண்டாயிரம் டாலர் அனுமதிக்கப்பட்டது. நிலத்திற்கும் கட்டிடத்திற்கும் ஒரு காசும் இல்லை. கைப்பொருளில்லாத மக்களிடம் வாக்குரிமையும் ஒரு நாணயமாயிற்று.

தலைமையாசிரியராக வந்த புக்கர் டி. வாஷிங்டன், அடிமையாகப் பிறந்து, ஹாம்ப்டன் பாடசாலையில் வேலை செய்து படித்தவர். 1881-ம் வருஷம் ஜூலை மாதம் 4-ம் தேதி முப்பது மாணாக்கரோடு பாடசாலை தொடங்கியது. ஹாம்ப்டன் பாடசாலைப் பொக்கிஷதாரரிடம் 250 டாலர் கடன் வாங்கி, ஐந்நூறு டாலர் விலையுள்ள நூறு ஏக்கர் பழம்பண்ணைக்கு முன்பணம் கட்டினர். உடனாசிரியையாகிய ஒலிவியா டேவிட்சன் அம்மையார் வீடுவீடாகச் சென்று, பணமில்லாதாரிடம் பண்டமும் கோழியும் வாங்கி, விருந்து நடத்திப் பொருள் சேர்த்தார். மாணாக்கரே செங்கல் அறுத்தனர். மூன்று சூளைகள் கெட்டுப்போயின. நான்காவது சூளைக்குப் பணமில்லாமையால் வாஷிங்டன் தம் கடிகாரத்தைப் பதினைந்து டாலருக்கு அடகு வைத்தார், சூளை வெந்தது, கடிகாரம் மீளவில்லை.

அக்காலத்தில் ஒரு நாள் எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டியார் ஒருவர், கந்தையாயினும் சுத்தமான உடையுடன் கோலூன்றி வந்து, பிள்ளைகளின் கல்விக்கென ஆறு முட்டைகளைக் கொடுத்துச் சென்றதாக வாஷிங்டன் 1901-ம் வருஷத்தில் வெளியிட்ட தம் சுயசரிதையிற் கூறுகிறார். பின்னாளில் ஆண்ட்ரூ கார்னீகி அப்பாடசாலைக்கு ஆறு லட்சம் டாலர் அளித்தார். ஆயினும் அம்முட்டைகளைப் போலத் தம் உள்ளத்தைத் தொட்ட கொடை வேறில்லை என்பது வாஷிங்டனின் கருத்து. தேவாலயத்தில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையை அறிந்த நமக்கு இக்கருத்து புதிதன்று.

பெருஞ்செல்வர் நிதிகளும் அவற்றின் நிபந்தனைகளும்

பெருஞ்செல்வரின் நிதிகளையும் நன்றியோடு குறிப்பிடுதல் நம் கடன். ஜார்ஜ் பீபாடி 1867-ம் வருஷத்தில் தென்னாட்டுக் கல்விக்குப் பத்து லட்சம் டாலர் அளித்தார். நெசவாலைச் சொந்தக்காரராகிய ஜான் ஸ்லேட்டர் 1882-ம் வருஷத்திற் பத்து லட்சம் டாலரை விடுதலை பெற்றோருக்கென்றே ஒதுக்கினார். குவேக்கர் சபையைச் சேர்ந்த அன்னா ஜீன்ஸ் அம்மையார் 1907-ம் வருஷத்திற் கிராமப் பாடசாலைகளுக்காகப் பத்து லட்சம் டாலர் வழங்கினார். அந்நிதியின் முதல் ஆசிரியையாக வர்ஜீனியா ராண்டால்ப் என்னும் கறுப்பினத்து அம்மையார் 1908-ம் வருஷத்தில் நியமனம் பெற்று, பாடசாலை பாடசாலையாகச் சென்று ஏனைய ஆசிரியருக்கு வழிகாட்டினார்.

எனினும் கொடைக்கும் கொடைக்கும் வேற்றுமை உண்டு. பீபாடி நிதியின் தர்மகர்த்தர்கள், வெள்ளையர் பாடசாலைக்கு அளித்ததில் மூன்றில் இரண்டு பங்கே கறுப்பர் பாடசாலைக்கு அளித்தனர். நிதிகள் பல கைத்தொழிற் கல்வியையே பெரிதும் விரும்பின. கைத்தொழில் கற்ற தொழிலாளி நாட்டுக்குப் பயன்படுவான். இலத்தீனும் தத்துவமும் கற்றவன் வாக்குரிமை கேட்பான் என்பது சிலருடைய எண்ணம். தொழிலும் சேமிப்பும் முதலில் வேண்டும் என்றார் வாஷிங்டன். பிஸ்க் கலாசாலையில் 1888-ம் வருஷத்தில் தேறிய டுபாய்சோ, உயர்தரக் கல்வி பெற்ற தலைவர்களின்றி எந்த இனமும் உயராது. அந்தக் கிராமப் பாடசாலைகளுக்கு ஆசிரியரைத் தருவனவும் கலாசாலைகளே என்று 1903-ம் வருஷத்தில் மறுத்தெழுதினார். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. ஆனால் தம் பிள்ளைகள் எதைக் கற்பது என்பதைத் தூரத்திலுள்ள தனவந்தர் சிலரின் விருப்பமே பெரும்பாலும் தீர்மானித்தது என்பதுதான் அவ்விவாதத்தின் உட்பொருள். சவன்னாவில் எழுந்த வினா இங்கே மீண்டும் எழுந்ததைக் காண்க.

இருமுறை கொடுத்தோர்

1890-ம் வருஷத்தில் மிஸிஸிப்பி தொடங்கித் தென் மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கறுப்பரின் வாக்குரிமையைப் பறித்தன. வாக்கு போகவே வரிப்பணத்தில் அவர்களுடைய பங்கும் போயிற்று. அவர்கள் செலுத்திய வரி பெரும்பாலும் வெள்ளையர் பாடசாலைகளுக்குச் சென்றது. தம் பிள்ளைகளுக்கு அவர்கள் மறுபடியும் கையிலிருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. இதனை இரட்டை வரியென்று சரித்திர ஆசிரியர் கூறுவது பொருத்தமே.

இந்நிலையில், சிக்காகோவின் பெருவணிகராகிய ஜூலியஸ் ரோசன்வால்டு 1912-ம் வருஷத்தில் தம் ஐம்பதாம் பிறந்தநாளை முன்னிட்டு டஸ்கீகிக்கு இருபத்தையாயிரம் டாலர் அளித்தார். அதில் ஒரு பகுதியைக் கொண்டு அலபாமாவில் ஆறு கிராமப் பாடசாலைகள் கட்டலாமென வாஷிங்டன் யோசனை கூறினார். ஊர் மக்களும் தம் பங்கைச் செலுத்துதல் வேண்டும் என்பது நிபந்தனை. முதற் பாடசாலை 1913-ம் வருஷத்தில் லோச்சப்போக்கா என்னும் ஊரில் 942 டாலர் 50 சென்டு செலவில் முடிந்தது. அதில் ரோசன்வால்டின் பங்கு 300 டாலர். அவ்வூர் வெள்ளையர் தந்தது 360. கறுப்பு மக்கள் நிலத்திற்காக 150 டாலரும், 132 டாலர் 50 சென்டு பெறுமான உழைப்பும் தந்தனர்.

1932-ம் வருஷத்தில் இத்திட்டம் முடிந்தபோது, பதினைந்து மாகாணங்களில் 4,977 பாடசாலைகளும், ஆசிரியர் இல்லங்களும் தொழிற்கூடங்களும் சேர்ந்து 5,357 கட்டிடங்கள் எழுந்திருந்தன. ஆறரை லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அவற்றில் இடமிருந்தது. மொத்தச் செலவு ஏறக்குறைய 2 கோடியே 84 லட்சம் டாலர். அதில் ரோசன்வால்டு நிதி அளித்தது சுமார் 43 லட்சத்து 64 ஆயிரம். கறுப்பு மக்கள் தாமே திரட்டியது சுமார் 47 லட்சத்து 25 ஆயிரம். எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி வரிப்பணம். அவ்வரியிலும் அவர்களுடைய பங்குண்டு. பாடசாலைகள் செல்வரின் பெயரால் அழைக்கப்பட்டன. செல்வரினும் மிகுதியாகக் கொடுத்தவர் பஞ்சு பறித்துப் பிழைத்தவரே.

அவர்கள் கொடுத்த விதமும் எண்ணத்தக்கது. சில ஊர்களிற் பாடசாலைக்கென்று ஓரிரண்டு ஏக்கரிற் பருத்தி விதைத்து, எல்லாரும் கூடிப் பயிரிட்டு விளைவை விற்றனர். மரமுடையார் மரம் வெட்டினர். தச்சர் கூலியின்றி உழைத்தனர். பெண்கள் உணவு சமைத்து விற்றனர். அலபாமாவிலுள்ள பொலிஜி என்னும் ஊரில், 1916-ம் வருஷக் குளிர்காலத்தில் நடந்த கூட்டத்தில், அடிமை நாட்களைக் கண்ட முதியவர் ஒருவர் எழுந்து, அழுக்கேறிய பழம்பை ஒன்றை மேசைமீது கவிழ்த்தார். அதிலிருந்தது 38 டாலர். அவர் ஆயுள் முழுவதும் சேர்த்த பொருள் அவ்வளவே. தம் பேரரின் மக்களாவது வாய்ப்புப் பெறுவதைக் காணவேண்டுமென்று கூறி, யாவற்றையும் கொடுத்தார். தாம் படிக்க இயலாத பாடசாலைக்கு, தாம் காணாத பிள்ளைகளின் பொருட்டுக் கொடுத்த கொடை அது.

பயன்

இக்கொடைகள் வீண்போகவில்லை. 1870-ம் வருஷத்தில் வெள்ளையரல்லாதாருள் நூற்றுக்கு எண்பதின்மர் எழுத்தறியாதவர். 1900-ல் அத்தொகை நாற்பத்தைந்தாகவும், 1930-ல் பதினாறாகவும் இறங்கிற்று. ஜெனரல் ஹோவர்டின் பெயரால் 1867-ம் வருஷத்தில் வாஷிங்டன் நகரில் தோன்றிய ஹோவர்டு சர்வகலாசாலையில் 1933-ம் வருஷத்திற் சட்டம் பயின்று தேறியவர் தர்குட் மார்ஷல். பாடசாலைகளில் இனப்பிரிவினை செய்தல் அரசியலமைப்புக்கு மாறானதென்று 1954-ம் வருஷத்தில் அமெரிக்கப் பிரதம நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில் வாதாடியவரும் அவரே. கிராமத்து ரோசன்வால்டு பாடசாலையொன்றிற் பயின்ற ஜான் லூயிஸ், பின்னர்க் குடியுரிமைப் போரில் முன்னின்று, 1987 முதல் 2020 வரை அமெரிக்கப் பாராளுமன்றத்தில் அங்கம் வகித்தார்.

இவ்வரலாற்றால் நாமறிவது யாது? வறியோருக்குக் கல்வி வழங்குதல் செல்வர் செய்யும் அருளென்று மட்டும் கொள்வோமாயின், அவ்வறியோர் வெறுங்கையை நீட்டி நின்றவராகவே தோன்றுவர். உண்மை அவ்வாறன்று. வெளியார் தந்த பொருள் பலவிடங்களில் இவர்கள் ஏற்றிய விளக்குக்கு வார்த்த எண்ணெயாயிற்று. திரியை இட்டவரும் முதலில் ஏற்றியவரும் இவர்களே. உதவ வருவோர் இதனை அறிதல் நலம். அறிந்தாற் பாடசாலையின் ஆட்சியிலும் அம்மக்களுக்கு இடமளிப்பர். கற்க வந்திருக்கும் நாமும் இதனை அறிதல் நலம். நாம் அமர்ந்திருக்கும் பலகைக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். அவர் பெயர் முகப்புக் கல்லில் இல்லாமலிருக்கலாம். அவர் எழுதப் படிக்க அறியாதவராகவும் இருக்கலாம். அவருக்கு நாம் செலுத்தக்கூடிய கைம்மாறு ஒன்றே: நமக்குப் பின் வருவோருக்கும் அப்பலகை இருக்கும்படி செய்தல்.